இரண்டு மணிக்கு இடதுபக்கம்

பேச்சிமுத்து இரண்டு மணிக்கு என்னை இடதுபக்கமாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனான், இனி நாலு மணி வரைக்கும் எனக்கு இந்தச் சுவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இடதுபக்கம், வலதுபக்கம், மல்லாக்க, திரும்பவும் இடதுபக்கம். புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும், வந்தால் எனக்கு வலிக்காது, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும், போன வருஷம் அப்படித்தான் தெரிந்தது. முப்பத்தாறு வருஷமாக இதுதான் என் கடிகாரம். என் தம்பி பேச்சிமுத்து என் வலது முழங்காலை மடக்கி இடது காலுக்கு மேலே போடுவான், தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, ‘ம்’ என்று ஒரு சத்தம், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, குதிகால் எதிலும் படக் கூடாது. தோளில் படுகிற கை எனக்குத் தெரியும். இடுப்பில் படுகிற கை தெரியாது. நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு கட்டிய மாதிரி ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்கு மேலே நான், கோட்டுக்குக் கீழே இவர்கள் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டு வைத்திருக்கிற ஏதோ ஒன்று. இன்றைக்கு அந்த ‘ம்’ வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான், மூச்சு என் காதில் சூடாகப் பட்டது. அவனுக்கு அடிவயிற்றில் குடல் இறங்கியிருக்கிறது, வியாழக்கிழமை ஆபரேஷன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நான் குடம் இல்லை, ஐம்பத்தெட்டுக் கிலோ. ஆள் வைத்துப் பார்த்தோம், ஒருவன் மூன்று நாள் வந்தான், இன்னொருவன் முதல் நாள் என் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒரு போன் பேசிட்டு வாரேன் என்று வெளியே போனவன்தான், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். போகும்போது பேச்சிமுத்து கதவுக்கிட்டே நின்றான். “அண்ணே, நாலு மணிக்கு மிக்கேலைக் கூட்டிட்டு வாரேன். போன வாரம் சொன்னேன்லா, அந்த ஒரு மாசமும் அவரு வந்து உன்னப் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. இன்னைக்குப் புரட்டப் படிச்சுக் குடுக்கணும். ஏசிராதண்ணே.” முகம் சுவர்ப்பக்கம் இருக்கிறவனிடம் பேசிவிட்டுப் போவது எல்லோருக்கும் சுலபம்.

மிக்கேல் என்றால் யாரென்று இந்த ஊரில் கேட்டால், தவசிலிங்கத்தோட கழுத்தை ஒடிச்சவன் என்று சொல்வார்கள். தவசிலிங்கம் நான். கடற்கரை ஊர் ஒன்றில் கோயில் கொடைவிழாவுக்குக் கபடிப் போட்டி, எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் பையன்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம், அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டோம். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தரையில் தூசி கிளம்பாமல் இருக்க உப்புத்தண்ணீர் தெளித்திருந்தார்கள், காய்ந்து அது சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம், நான் பாடிப் போனேன், ஓரத்தில் நின்றவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன், பின்னாலிருந்து மிக்கேல் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். தூக்கியதும் ஆகாயம் தெரிந்தது, பிறகு தரை தெரிந்தது. அவ்வளவுதான் கதை. இந்தக் கதையை நான் போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறேன், நியூஸ்பேப்பர்காரரிடம் சொல்லியிருக்கிறேன், ஊன்றுகோல் கொடுக்க வந்த சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கு எதற்கு ஊன்றுகோல் என்றும் கேட்டிருக்கிறேன். எனக்கு யாரையும் மறக்கத் தெரியாது. எங்கள் குழுவில் கேப்டனாக இருந்த கனிராஜ் முப்பத்தாறு வருஷத்தில் ஏழு தடவை வந்திருக்கிறான், ஏழாவது தடவை அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான், வைத்துவிட்டு, உன்னால வர முடியாதுன்னு தெரியும், ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்லா என்றான். போன வருஷம் அதே குழு என் பேரில் போட்டி நடத்தியது. போஸ்டரைத் தம்பி பொண்டாட்டி இசக்கி கொண்டுவந்து காட்டினாள். என் இருபத்துநாலு வயசுப் போட்டோ, சுற்றி மாலை, கீழே ‘தவசிலிங்கம் நினைவு சுழற்கோப்பை’. கனிராஜுக்குப் போன் போட்டு, நான் எப்பப்பா செத்தேன் என்று கேட்டேன். “அச்சடிச்சவன் பண்ணின தப்புலே. ஐநூறு போஸ்டர் ஒட்டியாச்சு, விடு” என்றான். விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவர்களெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு மிக்கேல். அவன் மூன்று தடவை இந்த வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான், மூன்று தடவையும் உள்ளே விடாதே என்று கத்தினேன். மூன்றாவது தடவை கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரை வீசினேன். என் விரல் மடங்காது, உள்ளங்கையால் தள்ளத்தான் முடியும், டம்ளர் கட்டில் ஓரத்திலேயே விழுந்தது. வாசல் வரைக்கும் தண்ணீர்கூடப் போகவில்லை.

சுவரில் ஒன்றும் இல்லை. பச்சை டிஸ்டெம்பர், கட்டில் சட்டம் உரசி உரசி அதன் அடியில் இருந்த நீலம் தெரிகிறது, நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு. மூன்று தடவை வெள்ளையடித்திருக்கிறார்கள், மூன்று தடவையும் என்னைக் கட்டிலோடு நடுவீட்டில் போட்டுவிட்டு அடித்தார்கள், நடுவீட்டில் கிடந்த அந்த இரண்டு நாளும் எல்லோரும் என்னைச் சுற்றி நடந்தார்கள். மின்விசிறிக் காற்று தோள் வரைக்கும் வருகிறது, அதற்குக் கீழே வருகிறதா தெரியவில்லை, வரும். கண்ணை மூடினால் என் கால்கள் இப்போது இருக்கிற மாதிரி மடங்கி இல்லை. நீட்டியிருக்கின்றன, ஒன்றை விட்டு ஒன்று விலகி, எப்போதும் அதே மாதிரி, வலது கால் கொஞ்சம் வெளியே சாய்ந்து. டாக்டர் ஒருவர் சொன்னார், மூளை கடைசியாக எப்படிப் பார்த்ததோ அப்படியே வைத்துக்கொள்ளுமாம். அப்படியென்றால் அது கடைசியாகப் பார்த்தது எதை? கண்ணைத் திறந்தேன். பச்சை, நீலம், சுண்ணாம்பு. இசக்கி உள்ளே வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. முப்பது வருஷமாக எனக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறவள், சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். “பெரியத்தான், செவுத்துல என்ன படமா ஓடுது, இப்படி முழிச்சுப் பாக்கீங்க?” “ஆமா. உன் மாப்பிள்ளதான் ஹீரோ.” “அப்ப ஓடாது” என்றாள். குனிந்து என் காலில் எதையோ துரத்தினாள், ஈயாக இருக்கும். “அந்த ஆளு கடக்கரைக்காரரு, மீனு கீனு கொண்டுட்டு வருவாரோ என்னமோ. மசாலா அரைச்சு வைக்கவா வேண்டாமான்னு ரோசனையா இருக்கு.” அவள் கொஞ்சம் நின்றாள். “பெரியத்தான், நான் சொல்லுதேன்னு நினைக்காதீங்க. அவுக முந்தாநாள் உங்களப் புரட்டிட்டு அடுப்படியில வந்து கீழ உக்காந்துட்டாக. எந்திரிக்கவே முடியல. வந்த ஆள வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டா போதும்.” கொலுசு திரும்பிப் போனது. அம்மியில் சத்தம் கேட்டது. அரைக்கிறாள்.

வாங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு என்ன? சொல்லலாம். சொன்னால் அவன் உட்காருவான், உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்பான், கேட்டால் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும், எதைச் சொன்னாலும் அவன் வியாழக்கிழமையிலிருந்து முப்பது நாள் என் மலத்தை அள்ளுவான். எதற்காக அள்ளுவான்? தூக்கிப் போட்டதற்காக. சரிதானே, தூக்கிப் போட்டவன் அள்ளட்டும். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நினைப்பு நின்றுவிடுகிறது. ஒரு வாரமாக நிற்கிறது. பேச்சிமுத்து இந்த யோசனையைச் சொன்ன நாளிலிருந்து, வண்டிச் சக்கரத்தில் வேட்டி மாட்டிக்கொண்ட மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் இன்னும் உள்ளே போகும். தூக்கிப் போட்டது உண்மை. தலை முதலில் தரையில் பட்டது உண்மை. கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் ஒரு வலி, மூச்சு நின்ற மாதிரி, பிடிப்பு விழுந்த மாதிரி, அதுவும் உண்மை. அதற்குப் பிறகு என்ன? அதற்குப் பிறகு நான் மல்லாந்து கிடந்தேன், தலையைத் தூக்க முடியவில்லை, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். தூரத்தில் என் பாதம் இரண்டும் தெரிந்தன. ஒன்றை விட்டு ஒன்று விலகி, வலது கொஞ்சம் வெளியே சாய்ந்து. வலது பெருவிரல் அசைந்தது. நான் அசைத்தேன். தரையைத் தோண்டினேன், உப்புப் படிந்த அந்த மண் நகத்தில் கரகரவென்று பட்டது. பட்டது எனக்குத் தெரிந்தது. காலில் உணர்ந்ததில் எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது அதுதான்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது முதுகில் பிடிப்பு விழுந்தால், இன்னொருவன் வந்து முதுகோடு முதுகு சேர்த்து நின்று, இரண்டு கையையும் கோத்து, முன்னால் குனிந்து அவனை அப்படியே மேலே தூக்குவான். தூக்கினவன் முதுகில் ஏறினவன் வில் மாதிரி வளைந்து கிடப்பான், தலை பின்னால் தொங்கும், இரண்டு குலுக்கு, சடக் என்று ஒரு சத்தம், பிடிப்பு விட்டுவிடும். பேச்சிமுத்துவுக்கு அப்போது இருபது வயசு, மாட்டு முதுகு அவனுக்கு. எதிர்க் குழுக்காரன்கூட வந்து, ஏ பேச்சி, எனக்கும் ஒரு தூக்கு என்று வரிசையில் நிற்பான். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருந்தது. ஒரு பாயிண்ட். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள், ஒருவன் முகத்தில் சோடாவை ஊற்றினான், பெரியவர் ஒருவர், அவனை அசைக்காதீங்கப்பா, கொஞ்ச நேரம் அப்படியே போடுங்க என்றார். நல்ல மனுஷன், யாரென்று தெரியாது. பேச்சிமுத்து தயங்கினான். அவன் தயங்கினான் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு கையையும் பனியனில் துடைத்துக்கொண்டே நின்றான், “அண்ணே, வேண்டாம்ணே, வெளிய உக்காந்துக்கோ” என்றான். பிறகு தூக்கினான். வேண்டாம் என்றவன் ஏன் தூக்கினான்? வருஷக்கணக்காக இதை நான் இப்படியேதான் வைத்திருந்தேன், வேண்டாம் என்றான், பிறகு தூக்கினான், நடுவில் ஒன்றும் இல்லை என்று. நடுவில் நான் இருக்கிறேன். “பொட்டப்பயலே, பிடிப்புலே இது. தூக்குலே” என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்து உட்காரவைத்து நிறுத்தினார்கள், நான் நின்றேன், ஐந்து விநாடியோ ஆறு விநாடியோ, என் காலில் நின்றேன், பேச்சி முதுகைக் கொடுத்தான், கையைக் கோத்தான், தூக்கினான். ஒரு குலுக்கு. இரண்டாவது குலுக்கில் சத்தம் வந்தது. சத்தம் கேட்டதும் எங்கள் பையன்கள் கைதட்டினார்கள். கைதட்டும்போது எனக்குள் யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது, வலிகூட இல்லை, அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கீழே இறக்கிவிட்டான், நான் வாழைத்தண்டு மாதிரி மடங்கி விழுந்தேன். “மயக்கம், மயக்கம்” என்றார்கள். இன்னொரு சோடா.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், பேர் தெரியாது. பேச்சிமுத்துவை வெளியே இருக்கச் சொன்னார். வெளியே அவன் சுவரில் தலையை முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு நர்ஸ், சுவத்த ஒடச்சிராத தம்பி என்று சத்தம் போட்டாள். டாக்டர் கேட்டார், “விழுந்ததும் கால் அசைஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விழுந்தப்பவே போயிட்டா, இல்ல அதுக்கப்புறம் யாராவது தூக்கினாங்களா?” நான் யோசித்தேன். யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. எங்கள் பையன்கள் அதற்குள் இரண்டு வேன் பிடித்து மிக்கேலைத் தேடிப் போயிருந்தார்கள், அவன் படகில் ஏறித் தப்பித்தானாம். “விழுந்தப்பவே போயிட்டு சார்” என்றேன். எழுதிக்கொண்டார். தம்பி உள்ளே வந்து, டாக்டர் என்ன கேட்டாருண்ணே என்றான், ஒண்ணுமில்ல என்றேன். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, இந்தச் சுவரைப் பார்க்கும்போது அதை மறைக்க முடியவில்லை. இனிமேல் என்னைக் கழுவப் போகிறவன் இவன் ஒருவன்தான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. தான் செய்தது இது என்று தெரிந்தால் இவன் இருக்க மாட்டான். தூக்குப் போட்டுக்கொள்வான், இல்லை ஊரைவிட்டு ஓடுவான். எனக்குக் கை வேண்டும். அதனால் வேறொருவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். மாட்டியபிறகு அவன்மேல் நிஜமாகவே கோபம் வந்தது, அதுதான் வேடிக்கை. பேரைக் கேட்டாலே காது சூடாகும். காதில் மட்டும்தான் சூடு தெரியும் எனக்கு.

பேச்சிமுத்துமேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளியிருக்கிறேன். புரட்டியது சரியில்லை, மறுபடியும் புரட்டு என்பேன், சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்வேன், அவன் புரட்டுவான். அவன் மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு அவன் கிளம்புகிற நேரத்தில் வயிறு சரியில்லை என்றேன். பட்டுவேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு எல்லாம் செய்தான், பிறகு திரும்பவும் குளித்துவிட்டுப் போனான். தாலி கட்டும்போது போய்ச் சேர்ந்தானா என்று நான் கேட்கவில்லை. அவன் ஏன் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை? அவனுக்குத் தெரியுமோ? பெருவிரலை அவனும் பார்த்திருப்பானோ? இல்லை. தெரிந்தவன் இப்படி ‘ம்’ என்று சத்தம் போட்டுத் தூக்க மாட்டான், அது தெரியாதவன் தூக்குகிற தூக்கு. எனக்குத் தெரியும், நாளைக்குப் பன்னிரண்டு தடவை என்று முப்பத்தாறு வருஷம் தூக்கியிருக்கிறான். நடுவீட்டுக் கடிகாரம் மூன்றே முக்காலுக்கு ஒரு சின்ன மணி அடிக்கும், அடித்தது. பஸ் வந்திருக்கும். இன்னும் கால் மணி நேரம். வாங்க என்று சொல்லலாம். ஏசி விரட்டிவிடலாம், அதுதான் எல்லோருக்கும் பழக்கம், விரட்டினால் வியாழக்கிழமை யார் புரட்டுவார்கள், இவன் தையலோடு வந்து புரட்டுவான், தையல் பிய்ந்துபோகும், தெரிந்தே திரும்பவும் ஒரு தடவை தூக்குலே என்று சொன்ன மாதிரி ஆகும். விரட்டாவிட்டால் ஒன்றும் செய்யாதவன் ஒருவன் முப்பது நாள் என் முன்னால் குனிந்து நிற்பான், நான் அதை வாங்கிக்கொள்வேன். பச்சை. நீலம். எனக்குப் பயமாக இருக்கிறதா என்று பார்த்தேன். நெஞ்சு படபடப்பது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்கும், பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி. இடித்தார்கள்.

“அண்ணே, வந்துட்டாரு” என்றான் பேச்சிமுத்து என் முதுகுக்குப் பின்னால். இரண்டு பேர் மூச்சு. ஒரு புது வாசனை, டீசலும் சோப்பும். வாங்க என்று நான் சொல்லவில்லை, ஏசவும் இல்லை, சுவரைப் பார்த்துக் கிடந்தேன். பேச்சிமுத்து வாத்தியார் மாதிரி ஆரம்பித்துவிட்டான். “இந்தா பாருங்க, முதல்ல தலகாணிய எடுத்துரணும். குழாய் மாட்டாம பாத்துக்கிடணும், அதுதான் முக்கியம். ஒரு கை இங்க, ஒரு கை இங்க. எலும்பு மேல வைக்காதீங்க, சதையா பாத்து வைங்க.” “பலமா இழுக்கலாமா?” என்று ஒரு குரல். முப்பத்தாறு வருஷத்தில் அவன் குரலை நான் இப்போதுதான் கேட்கிறேன். “மெதுவா. பிள்ளையத் தூக்குத மாதிரி.” தோளில் ஒரு கை விழுந்தது. அது நடுங்கியது. தோளில் பட்டதால் எனக்குத் தெரிந்தது, இடுப்பில் இருந்த கையும் நடுங்கியிருக்கும். சுவர் போய், கூரை வந்து, ஆள் வந்தான். நான் ஏசிக்கொண்டிருந்தவனுக்கு இருபத்திரண்டு வயசு, தொடை உலக்கை மாதிரி இருக்கும், சுருட்டை முடி. இங்கே நின்றவன் வழுக்கை, மேல்வரிசையில் பல் இல்லை, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விடாமல் பிடித்திருந்தான், மீன்தான். “நல்லாப் புரட்டுனீங்க” என்றான் பேச்சிமுத்து. என் முகத்தைப் பார்த்தான், நான் ஏசவில்லை என்றதும் தைரியம் வந்திருக்கும், பையை வாங்கிக்கொண்டு, “டீ சொல்லிட்டு வாரேன்” என்று அடுப்படிக்குப் போனான்.

“அண்ணாச்சி, நான்…” என்றான் மிக்கேல். “பேசாத. அவன் வாரதுக்குள்ள சொல்லிருதேன்” என்றேன். “நீ போட்டதுக்கப்புறம் என் காலு அசஞ்சது. பெருவிரலு மண்ணத் தோண்டுச்சு. எந்திரிச்சு நின்னேன்லா, நீ பாத்திருப்ப. நான்தான் என் தம்பியத் தூக்கச் சொன்னேன். முதுகுல வச்சுத் தூக்குனான். அதுல போனதுதான்.” அவன் புரியாமல் பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. “என்ன சொல்லுதிய அண்ணாச்சி?” “உன் பிடியில குத்தம் இல்ல. சுத்தமான பிடி. உன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் பிடிச்சிருப்பேன்.” அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அடுப்படியில் டம்ளர் சத்தம். “அவருக்குத் தெரியுமா?” “தெரியாது. தெரியக் கூடாது.” “முப்பத்தாறு வருசம்” என்றான். “ஆமா” என்றேன். “அந்த வருசத்தோட விளையாட்ட விட்டேன். எம்பிள்ளைய நான் தூக்குனதே இல்ல, அண்ணாச்சி. மூணு பிள்ள. தூக்கப் போனா கையி நடுங்கும். வீட்டுக்காரி குடுப்பா, வாங்க மாட்டேன்.” எனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. “நீ வர வேண்டாம்” என்றேன். “உனக்கு இதுல கடமை இல்ல. வியாழக்கிழமைக்கு வேற வழி பாத்துக்கிடுதோம். அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. இத்தன வருசம் சுமந்துட்ட, அந்தப் பேரு உன்கிட்டயே இருக்கட்டும்.” கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டேன். அவன் எழுந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன், கோட்டுக்கு மேலே அடித்தால் நல்லது என்று நினைத்தேன். வெளியே போய்விட்டான். முற்றத்தில் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

பேச்சிமுத்து இரண்டு டம்ளரோடு வந்தான். காலி நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஏசிட்டியா?” “ஆமா.” டம்ளரை ஜன்னலில் வைத்தான், டீ சிந்தியது. “உனக்கு ஈரமே கிடையாதாண்ணே? வயசான மனுசன், குழாயடியில நின்னு மூஞ்சியக் கழுவிக் கழுவி அழுதுக்கிட்டு நிக்காரு. நம்மளத் தேடி வந்து உன் பீ மூத்திரம் அள்ளுதேன்னு சொல்லுதாரு. யாரு வருவா சொல்லு? உன்னால ஒருத்தனையும் விட முடியாதா?” என்னிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை. “முடியாது” என்றேன். அவன் என் முழங்கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்தான், கோபத்திலும் குதிகாலைத் தூக்கித் துண்டைச் சரிசெய்தான். வாசலில் நிழல் விழுந்தது. மிக்கேல் ஈர முகத்தோடு நின்றான், சட்டையெல்லாம் தண்ணீர். “அவரு சொன்னத மனசுல வச்சுக்கிடாதீங்க” என்றான் பேச்சிமுத்து, “அவரு குணமே அப்படித்தான்.” மிக்கேல் பேச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைகளைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான், அடிவயிற்றை அவன் ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். என் நெஞ்சுக்குள் மாவு இடிப்பது நின்றுபோனது. “ஏசுனாரு” என்றான். “ஏசட்டும். தூக்கிப் போட்டவன் நான்தான?” டம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். “அடுத்தாப்புல எத்தன மணிக்கு?” “ஆறு மணிக்கு. மல்லாக்க” என்றான் பேச்சிமுத்து. “அதையும் இருந்து படிச்சிட்டுப் போறேன்.” டீயை ஊதி ஊதிக் குடித்தான். ஆறு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான், பேச்சிமுத்துவோடு படகு எஞ்சின், மழை, மகள் வீடு என்று என்னென்னவோ பேசினான், ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.